மூத்தாளுக்கு மூன்றாவது வழியனுப்பு

ஒரு கப்பலுக்கு எத்தனை தடவைதான் வழியனுப்பு விழா நடத்துவார்கள்? மனிதனுக்கே ஒரு தடவைதான். மேனேஜர் கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை நீட்டி, "மேடம், வெள்ளிக்கிழமை விழாவுல கப்பலோட சேவை வரலாற்றை நீங்கதான் வாசிக்கணும்" என்றபோது மைக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன தடவை வாசிச்சதையே வாசிச்சிடவா சார்? அதுக்கு முந்தின தடவை வாசிச்சதுகூடப் பத்திரமா இருக்கு."

மேனேஜர் சிரித்தார். கோபப்பட வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்துவைப்பது அவர் வழக்கம். "இந்தத் தடவை நிச்சயம் மேடம். புதுக் கப்பல் வந்து நிக்குது, நீங்களே பாக்கறீங்களே. கொஞ்சம் விரிவா எழுதுங்க. உங்க வீட்டுக்காரரைக் கேட்டா பிறந்த நாள்லேர்ந்து சொல்லுவாரே."

சொல்லுவார். அதுதானே வயிற்றெரிச்சல்.

இறங்குதுறையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மைக்கக்காதான். பயணிகள் கூடத்தின் மூலையில் உள்ள கூண்டில் உட்கார்ந்து, ஃபெரி எப்போது வரும், எப்போது கிளம்பும், எந்த வண்டி எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. வேலைக்குச் சேர்த்தபோது அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் அவள் வேலை மன்னிப்புக் கேட்பது. 'இன்ஜின் கோளாறு காரணமாக' என்று ஆரம்பிப்பாள், 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று முடிப்பாள். நடுவில் காரணம் மட்டும் மாறும். அந்த இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற மனுஷன் அவளைக் கட்டியவர். அவர் அவளிடம் ஒரு நாளும் எதற்கும் வருந்தியதில்லை. அவருக்கும் சேர்த்து அவள்தான் ஊரிடமெல்லாம் வருந்திக்கொண்டிருந்தாள்.

இக்கரையில் ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டு, அங்கிருப்பதை இங்கே கொண்டுவருகிற ஃபெரி அது. கீழ்த்தளத்தில் வண்டிகள், மேல்தளத்தில் மனிதர்கள். விலாவில் கொட்டை எழுத்தில் ஒரு நல்ல பெயர் எழுதியிருந்தது; அதை யாரும் சொல்வதில்லை. மூத்தாள் என்பார்கள். பெயர் வைத்தவள் மைக்கக்காதான். அவள் கணவர் அதில் இன்ஜினியராகச் சேர்ந்தது கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால். "அவதான் மூத்தாள், நான் இளையாள். ஆக்கிப் போடறதும் துணி துவைக்கறதும் என் பங்கு, ஐயா குடித்தனம் பண்றது அங்கே" என்று டிக்கெட் கவுண்டரில் எப்போதோ ஒரு வார்த்தை விட்டாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கேப்டன்கூட வயர்லெஸ்ஸில் 'மூத்தாள் வந்துட்டா' என்றுதான் சொல்வார்.

முதல் வழியனுப்பின்போது மைக்கக்கா மனசாரச் சந்தோஷப்பட்டாள். பேண்டு வாசித்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், இன்ஜினியருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மறுவாரம் புதுக் கப்பல் வந்தது. அதற்கு அடிப்பாகம் ஆழம். கடல் வற்றுகிற நேரத்தில் துறைக்குள் நுழைய முடியாமல் தூரத்திலேயே நின்று விழித்தது. கப்பலை வாங்கியவர்கள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கயிறு விட்டுப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. மூத்தாளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை வாடகைக்கு ஒரு கப்பல் எடுத்தார்கள். அதே பேண்டு, அதே ரிப்பன், இன்னொரு சுவர்க்கடிகாரம். சில மாதம் கழித்து அந்தக் கப்பலின் சொந்தக்காரர், தன் மாப்பிள்ளை கேட்கிறார் என்று சொல்லி அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மறுபடியும் மூத்தாள். வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரமும் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு தொங்கின.

"அவ நிக்கற அன்னைக்கு நானும் இறங்கிடறேன். சத்தியம்" என்று இன்ஜினியர் இரண்டு தடவையும் தலையில் அடித்துச் சொன்னார். அவள் நிற்கவும் இல்லை, இவர் இறங்கவும் இல்லை.

அவருடைய காது விஷயம் மட்டும் இல்லையென்றால் இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம்.

இன்ஜின் ரூமுக்குள் இறங்குகிறவர்கள் காதுக்கு உறை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி. இன்ஜினியர் மாட்டியதே இல்லை. "காதைப் பொத்திக்கிட்டா அவ என்ன சொல்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து, எங்கே தட்டுகிறது எங்கே முனகுகிறது என்று சொல்லிவிடுவார். ஆஹா ஓஹோ என்று கப்பலே அவரைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியில் இடது காது போயிற்று. போன வருஷம் மைக்கக்கா அவரைத் தரதரவென்று இழுக்காத குறையாகக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இடது காது முடிஞ்சு போச்சும்மா. வலது காதுல பாதி இருக்கு. இன்னும் கொஞ்ச காலம் அந்தச் சத்தத்துல நின்னார்னா அதுவும் போயிடும். போனா வராது."

அந்தப் பாதிக் காதுக்காகத்தான் அவள் ஒரு வருஷமாக மல்லுக்கு நின்றாள். பகல் முழுக்க ஊருக்காகப் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவள். அதெல்லாம் கம்பெனியின் பேச்சு. தன் பேச்சு என்று எதையாவது கொண்டுபோய்க் கொட்ட அவளுக்கு இந்த உலகத்தில் அந்த ஒரு காதுதான் மிச்சம் இருந்தது. அதையும் மூத்தாள் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

கம்பெனியில் ஒரே ஒரு நல்ல விதி உண்டு. காது மந்தமானால் கப்பலிலிருந்து இறக்கிக் கரையிலிருக்கும் பட்டறைக்கு மாற்றிவிடுவார்கள். மைக்கக்கா டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் அதைப் படிக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, ஃபைலிலிருந்து வேறொரு தாளை உருவினார்.

"நம்ம கிளினிக் ரிப்போர்ட் மேடம். ரெண்டு காதும் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு போட்டிருக்கு."

"சார், இடது காதுகிட்ட வெடி வெச்சாலும் அவருக்குத் தெரியாது."

"வெளி டாக்டர் சொல்றதை நான் எடுத்துக்க முடியாது மேடம். மறுபடி டெஸ்ட் பண்ணணும்னா அவரே எழுதிக் கேக்கணும்."

அவராவது, எழுதிக் கேட்பதாவது.

கிளினிக்கில் அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் எப்படி விளைந்தது என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. இன்ஜின் ரூமில் இன்ஜினியருக்குக் கையாளாக இருக்கிற நடுவயசுக்காரனுக்கு கிரீஸ் என்று பெயர். மனசு தங்கம், மூளைதான் தகரம். அவள் போட்ட அதட்டலில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்வார்களாம். சோதிக்கிறவர் பொத்தானை அழுத்தினால் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரியுமாம். அடுத்த ஆளாக நின்றுகொண்டிருந்த கிரீஸ், அந்த விளக்கு எரிகிறபோதெல்லாம் புருவத்தைத் தூக்கினானாம். எதிரில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் கையைத் தூக்கினாராம்.

"அண்ணன் இறங்கிட்டா அந்த இன்ஜின் யார் பேச்சையும் கேக்காது அண்ணி. அதான் எல்லாரும் சேர்ந்து..."

"அண்ணன் யார் பேச்சைக் கேக்கப் போறார்னு எவனாவது யோசிச்சீங்களாடா?"

கிரீஸ் தலையைச் சொறிந்தான். பாசத்தில் ஒரு ஆளைச் செவிடாக்குகிற கூட்டத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அதனால் எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை இந்த மூன்றாவது வழியனுப்புதான். மூத்தாள் போனால் அவர் இறங்குவார். எரிச்சலை விழுங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். எதிரில் இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ குலதெய்வத்தின் கதையைச் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"முதல்ல வேற ஊர்ல, ஆத்துல ஓடினா. ஆத்துக்குன்னே கட்டினது. நம்ம ஆளுங்க வாங்கிக் கடல்ல விட்டாங்க."

"அதை எழுதினா மேனேஜர் மயங்கி விழுவார்" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுதினாள்.

"வந்த வருஷமே வண்டி ஏத்தற ராம்ப் சங்கிலி அறுந்துச்சு. மூணாம் வருஷம் கப்பல் ரிப்பேர் பண்ற ட்ரை டாக்ல ஏத்தி, அடித்தகடு பூரா மாத்தினோம்."

"அந்த வருஷம்தான் நம்ம பொண்ணு பொறந்தா. கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோட மூணாம் நாள் வந்து எட்டிப் பாத்தீங்க."

"ஏழாம் வருஷம் புது ஜெனரேட்டர்."

"ஏழாம் வருஷம் எங்கப்பா தவறினார்."

"அடுத்த வருஷம் அக்கரைத் துறைல மோதிட்டா. அது அவ தப்பில்ல. காத்து."

"அவ தப்பு என்னைக்கு இருந்திருக்கு!"

இடையில் ஒரு வருஷம் வேறு தடத்துக்குக் கடன் கொடுத்தது, போன இடத்தில் அவளை ஆடு மாடு ஏற்றிப் பாழாக்கியது, திரும்பி வந்தபோது வாரக்கணக்கில் கழுவியது, பாதிக் கடலில் நின்றுபோய் இழுவைப் படகு கட்டி இழுத்து வந்தது, இரண்டு இன்ஜினில் ஒன்றை முழுசாக மாற்றியது என்று சேவை வரலாறு போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மைக்கக்கா தன் பக்கத்துக் கணக்கையும் சொல்லிக்கொண்டே வந்தாள். மகளின் பள்ளிக்கூடச் சேர்க்கை, தனக்கு நடந்த ஆபரேஷன், வீடு மாறியது, ஒன்றிலும் மனுஷன் கூட இருந்ததில்லை. அவர் வாயிலிருந்து ஒரு 'உம்' வர வேண்டுமே! தனக்கு வேண்டாத பேச்சு என்றால் அவருக்குக் காது கேட்காது. கல்யாணமான புதிதிலிருந்தே அவள் கண்ட வித்தை அது.

கடைசியில் கண்ணைத் திறந்து தாளை வாங்கிப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல எதுக்கு உங்கப்பா?"

அவர் பேனாவை வாங்கி மாமனாரை அடித்தார். மகள் பிறந்ததையும் அடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. துறையில் துணிப்பந்தல், நாற்காலி, அதே பேண்டு. பேண்டுக்காரர்களுக்கே கூச்சமாகத்தான் இருந்திருக்கும். புதுக் கப்பல் முன்பக்கத் துறையில் வெள்ளை வெளேரென்று நின்றது; மூத்தாள் துருவும் பெயிண்டுமாகப் பக்கத்துத் துறையில் ஒதுங்கி நின்றாள். மைக்கக்கா வரலாற்றை வாசித்தாள். அப்பாவும் இல்லை, மகளும் இல்லை, அடித்தகடும் ஜெனரேட்டரும் மட்டும். கூட்டம் கைதட்டியது. இன்ஜினியர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது கடிகாரம் அவர் மடியில் இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று மைக்கக்கா மூச்சு விட்டாள்.

புதுக் கப்பலில் முதல் வண்டியாகத் தன் காரை ஏற்ற வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. தானே ஓட்டினார். கூட்டம் வழிவிட்டது. முன்சக்கரம் கப்பலில் ஏறியது. பின்சக்கரம் துறையில் இருந்தது. கார் அங்கேயே நின்றது. ராம்பின் விளிம்பில் அதன் வயிறு மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் மேலும் கீழும் ஆடியது. உள்ளே மேனேஜரும் ஆடினார். புதுக் கப்பலின் ராம்ப் இந்தத் துறைக்கு ரொம்பச் செங்குத்து. முதல் தடவை கடலை அளக்கவில்லை. இந்தத் தடவை கடலை அளந்தவர்கள் துறையை அளக்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து காரைப் பின்னால் தள்ளினார்கள். மேனேஜர் வியர்வை சொட்டச் சொட்ட கூண்டுக்கு ஓடிவந்தார்.

"மேடம், உடனே அறிவிச்சிடுங்க. பழைய கப்பலே போகும். மறு அறிவிப்பு வரைக்கும் அதுவே சேவையில தொடரும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"துறையை இடிச்சுக் கட்டணுமே மேடம். ரெண்டு வருஷம் ஆகலாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட ஜாடை காட்டினேன், புரிஞ்சுக்கிட்டு வேலைல இறங்கிட்டார். தங்கமான மனுஷன்!"

மைக்கக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கடிகாரம் நாற்காலியில் கிடந்தது. தங்கமான மனுஷன், புதுச்சட்டைக்கு மேலேயே நீல ஓவராலை இழுத்து மாட்டிக்கொண்டு, பந்திக்கு முந்துகிறவரைப் போல மூத்தாளின் ராம்பில் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் கிரீஸ். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தக் கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. உள்ளே மறைந்தார். கொஞ்ச நேரத்தில் புகைபோக்கி இருமியது, பிறகு கறுப்பாகக் கக்கியது.

இரண்டு வருஷம். அந்தப் பாதிக் காது இரண்டு மாதம் தாங்குமா?

பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் அன்பான கவனத்துக்கு. புதிய கப்பல் இன்று புறப்படாது. பழைய கப்பல் புறப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

வழக்கமாக இந்த இடத்தில் விரலை எடுத்துவிடுவாள். இன்றைக்கு விரல் வரவில்லை.

"சேவை வரலாற்றில் விட்டுப்போன செய்தி ஒன்று. இந்தக் கப்பலின் இன்ஜினியருக்கு இடது காது கேட்காது. வலது காது பாதிதான் கேட்கும். கம்பெனி ரிப்போர்ட்டில் இருப்பது பொய். கீழே அபாய மணி அடித்தால் அவருக்குக் கேட்கும் என்று என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது. இதைச் சொல்கிறவள் அவருடைய மனைவி. இதற்கு நான் வருந்தவில்லை."

விரலை எடுத்தாள். பேண்டுக்காரர்களில் ஒருவன் ஊதுகிற வாயோடு நின்றான். மேனேஜர் இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த முகத்துக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. "மேடம், என்ன மேடம் இது..." என்பதற்குள் ஜனம் கத்த ஆரம்பித்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒருத்தி ராம்பிலிருந்து இறங்கிவிட்டாள். வண்டிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். மேல்தளத்தில் நின்ற கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியிறங்கி இன்ஜின் ரூமுக்குப் போனார். புதுக் கப்பலோடு வந்த இன்ஜினியர் வேலையில்லாமல்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். துறை முழுக்கக் கேட்ட அறிவிப்பு ஒரே ஒரு ஆளுக்குத்தான் கேட்டிருக்கவில்லை. அந்த ஆள் அப்போது இன்ஜினைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்ததாக கிரீஸ் பிற்பாடு சொன்னான்.

மைக்கக்கா கூண்டைவிட்டு வெளியே வந்து, துறை ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஜினியர் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கேப்டன் கையைக் காலை ஆட்டி இறங்குங்கறார். கிரீஸ் அழறான். நீ என்னடி சொன்னே?"

முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை.

"ஊர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியே!"

"ஒரு வருஷமா உங்க காதுல போட்டேன், ஏறலை. ஊர் காதுல போட்டேன். மானம் போனா போகட்டும், காது இருக்கட்டும்."

அவர் வெடுக்கென்று திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். எதிரில் மூத்தாள் ராம்பைத் தூக்கிக்கொண்டிருந்தாள். திட்டட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும் என்று மைக்கக்கா நினைத்தாள். பட்டறைக்குப் போவார், சாயங்காலம் வீட்டுக்கு வருவார், அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மூத்தாள் ஹார்ன் அடித்தாள். கிளம்பும்போது மூன்று தடவை அடிக்க வேண்டும். மூன்று தடவையும் அடித்தாள். கூண்டுக் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் வீறிட்டன. மைக்கக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கப்பல் மெல்ல நகர்ந்தது.

"பாத்தியா?" என்றார் இன்ஜினியர், கப்பலைப் பார்த்தபடியே. "ஹார்ன் அடிக்காம எடுக்கறான். புது ஆளை விட்டா இப்படித்தான். ஒரு முறைமை வேண்டாம்?"

பொத்திய கைகள் அப்படியே நின்றன. அவற்றைக் கீழே இறக்கினாள்.

"என்னங்க" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவர் திரும்பவில்லை.

"என்னங்க!"

நாலு அடி தள்ளி நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். இவர் பார்க்கவில்லை. மைக்கக்கா சுற்றிக்கொண்டு போய், கம்பிக்கும் அவருக்கும் நடுவில் புகுந்து நின்றாள்.

"எப்பலேருந்து?"

அவர் பார்வை அவள் கண்ணுக்கு வரவில்லை. உதட்டில் இருந்தது. இத்தனை நாள் தன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"போன மழைக்காலத்துலேருந்து" என்றார், தப்பு செய்தவரின் சின்னக் குரலில்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ கத்துவே."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கத்தல் மொத்தமும் அவள் தொண்டைக்கு வந்தது. கடலை அளக்காதவர்களுக்கு, துறையை அளக்காதவர்களுக்கு, புருவம் தூக்கிய மடையனுக்கு, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற மேனேஜருக்கு, எல்லோருக்கும் மேலாக, எதிரில் ஓவராலும் புதுச்சட்டையுமாக நிற்கிற இந்த மனுஷனுக்கு. அழுகையும் கூடவே வந்தது. அதையெல்லாம் கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

"கத்தத்தான் போறேன்" என்றாள். அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் நிமிர்த்தினாள். "உதட்டைப் பாருங்க."

அவர் பார்த்தார்.